தாடையில் வந்த வலி

மயிலாடுதுறையில் பெயின்ட் கடை வைத்திருந்த ஜெக்கரியா தன் நெஞ்சைப் பற்றி ரொம்பவே கவனமாக இருந்தவர். அவரைப் பெற்ற அத்தா ஐம்பது வயதில் மாரடைப்பில் போனதிலிருந்து சிகரெட்டைத் தொடவில்லை. வருடம் தவறாமல் டிரெட்மில்லில் ஓடிச் சோதித்துக்கொள்வார். அவருக்கென்று எண்ணெய் குறைத்துத் தனியாக ஆக்கிப் போடுவாள் மனைவி மெஹராஜ் பேகம். அவளுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. ஆனாலும் மாரடைப்பு அவளுக்கும் வரலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

ஆற்றில் தண்ணீர் வந்த சமயம் அவள் முதலில் சொன்னாள். "துணி காயப்போட மாடி ஏறினா தாடையைப் புடிச்சு இழுக்குதுங்க. உக்காந்தா விட்டுருது."

பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். "பல்லுல ஒண்ணும் இல்லை. ஏறும்போது மட்டும் வலிக்குது, சுகர் வேற இருக்கு. இதய டாக்டரைப் பாத்துருங்க."

வெளியே வந்ததும் ஜெக்கரியா சிரித்தார். "பல்லு பாக்குறவருக்கு நெஞ்சைப் பத்தி என்ன தெரியும்? உடம்பைக் குறை, சரியாப் போயிரும்."

அதற்குப் பிறகும் சொல்லிப் பார்த்தாள். கடையில் ஆள் இல்லை, அடுத்த வாரம் போவோம் என்றார். பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள், மாடி ஏறுவதையும்.

குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. இரண்டு முறை வாந்தி. பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்துவிட்டுக் கடை திறக்கப் போனார். மதியம் மகள் ரிஃப்கா போனில் அழுதாள். "அத்தா, அம்மா தரையில கிடக்குறாங்க!"

பக்கத்து ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்ததுமே மாத்திரை கொடுத்துத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். சாலையில் பாதிக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் வேகம் குறையும்போதெல்லாம் அவருக்கு உயிர் போய் வந்தது.

ஆஞ்சியோகிராம் முடிந்து டாக்டர் வெளியே வந்தார்.

"முக்கியமான ரத்தக்குழாய் அடைச்சிருந்துச்சு. திறந்து ஸ்டென்ட் வச்சாச்சு. ஆனா காலையிலேருந்து ரத்தம் போகாம ஒரு பக்கம் தசை செத்துப்போச்சு. அது திரும்பாது. முன்னாடி நெஞ்சு வலின்னு ஏதாவது சொன்னாங்களா?"

"நெஞ்சுன்னு சொல்லல... தாடைன்னுதான் சொன்னா."

"அதுவும் இதய வலிதாங்க. பொம்பளைங்களுக்கும் சுகர் உள்ளவங்களுக்கும் பல சமயம் இப்படித்தான் வரும். அப்பவே வந்திருந்தா இவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டோம்."

மெஹராஜ் பிழைத்துக்கொண்டாள். வேளாவேளைக்கு மாத்திரை, உப்பில்லாத சோறு, நாலு வீடு தாண்டினால் மூச்சு வாங்கும் நடை. பார்க்க வந்தவர்களிடம், "நான் வாயத் தொறந்து சொல்லவே இல்லை. இவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பாள். ஜெக்கரியா தலை குனிந்துகொள்வார். அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

ஒருநாள் நாகப்பட்டினத்திலிருந்து வந்த தன் தங்கையிடமும் அதையே சொன்னாள். அவரால் அதற்குமேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"இல்லம்மா. சொன்னா. திரும்பத் திரும்பச் சொன்னா. நான்தான் காதுல வாங்கல."

மெஹராஜ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, டீ போடுவதாக எழுந்தாள். அடுக்களை வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஜெக்கரியா ஓடிப்போய் நாற்காலியை எடுத்துப் போட்டார்.