உள்ளே வராத கண்ணுச்சாமி

மூட்டை தூக்கிய தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்க, விக்ரம் சுவரில் சாய்ந்து செல்போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தான். அதில் வரும் தன் ஆளுக்குச் செத்துப்போன அப்பாவின் பெயரையே வைத்து, தொழில் கேட்ட இடத்தில் 'பண்ணைக் கூலி' என்பதைத் தொட்டிருந்தான்.

திரையில் பண்ணையார் எழுந்து கும்பிட்டார். "வாருங்கள் கண்ணுச்சாமி, உள்ளே வந்து தண்ணீர் குடியுங்கள்."

எட்டிப் பார்த்த பொண்டாட்டி தமிழ்வாணி சிரித்தாள். "இத எழுதுனவன் நம்ம வாடிப்பட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பாத்திருக்க மாட்டான்."

விக்ரமுக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷம் நெல் சுமந்த பண்ணையார் வீட்டில், கொல்லைப்புறம் குனிந்து, மேலிருந்து ஊற்றியதைக் கையேந்திக் குடித்தவர் அப்பா.

"போப்பா உள்ள," என்று முணுமுணுத்தபடி பொத்தானை அழுத்தினான்.

திரையிலிருந்த ஆள் உள்ளே போய் உட்கார்ந்தான். விக்ரமின் நினைவில் அப்பா மட்டும் கைகளைக் குவித்தபடி கொல்லைப்புறத்திலேயே நின்றார். அந்த வீட்டு டம்ளரில் ஒரு வாய்த் தண்ணீர் அவருக்கு இன்னும் பாக்கி.