பக்கத்தில் நின்றவள்

மூன்றாவது வெடியோடு செலீன் வாங்கிலிருந்து எழுந்து நான்கடி தள்ளிப்போய் நின்றாள். காதை இறுக்கி மூடியிருந்தும் சத்தம் நெஞ்சுக்கூட்டில் வந்து மோதியது. கன்னத்தில் காற்று அறைந்தது. கனடாவில், விட்பிக்கு வடக்கே, மரங்களுக்கு நடுவே இருந்த சூட்டுத் திடல் அது. ஞாயிறு பூசை முடிந்த கையோடு வந்திருந்தார்கள்.

சுட்டவர் கோர்டன். அவளுடைய கணவன் பஸ்ரியன் வேலைசெய்யும் லேத் பட்டறையின் ஃபோர்மன். ஒவ்வொரு ஒக்ரோபரும் மூஸ் மான் வேட்டைக்குப் போகிறவர். போன பனிக்காலம் வழுக்கி விழுந்து தோளெலும்பு உடைந்தபிறகு துவக்கின் உதையை அவரால் தாங்க முடியவில்லை. அதற்காகக் குழல் நுனியில் பூட்டும் மஸில் பிரேக் இரண்டைக் கடையில் கேட்டு எடுத்து வந்திருந்தார். வெடிப்புகையைப் பக்கத் துளைகளால் வெளியேற்றி உதையைக் குறைக்கிற உருக்குத் துண்டுகள். ஒன்றில் நிறையத் துளைகள், மற்றதில் கொஞ்சம். குழலில் புரி வெட்டிக் கொடுத்தவன் பஸ்ரியன். அவனும் சுட்டுப் பார்த்துச் சொல்லவேண்டும் என்று கோர்டன் விடாப்பிடியாக நின்றார்.

பஸ்ரியன் இரண்டு முறை மறுத்தான். பிறகு கையை நீட்டினான். கோர்டன் சொல்லிக்கொடுக்க வாயெடுப்பதற்குள் அவன் துவக்கைத் திறந்து, வெறுமையா என்று பார்த்து, சின்னவிரலை உள்ளே விட்டுத் தடவி, மூடினான். கால்கள் தாமாக அகன்றன. கன்னம் துவக்கின் கட்டையில் போய்ப் படிந்தது. மூன்று வெடி. கண் இமைக்கவில்லை.

எங்கே பழகினாய் என்று கோர்டன் சிரித்துக்கொண்டு கேட்டார். மாமா ஒருவர் காட்டில் பன்றி சுடுவார் என்றான் பஸ்ரியன். செலீனுக்குத் தெரிய அவனுக்கு ஒரே மாமா. கொழும்பில் தையற்காரர். கலியாணம் பேசியபோது, ஊரில் தான் ஹாட்வெயார் கடையில் நின்றதாகத்தான் பஸ்ரியன் சொல்லியிருந்தான்.

குறைந்த துளையுள்ளதை எடுக்கச் சொன்னான். மற்றதில் சுடுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது, பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத்தான் பாடு என்றான். காட்டில் என் பக்கத்தில் யார் நிற்கப்போகிறார்கள் என்று கோர்டன் நிறையத் துளையுள்ளதையே பூட்டிக்கொண்டார்.

எண்பத்தேழில், ஊரில், செலீனின் அண்ணன் மாக்கஸை இயக்கப் பொடியள் சந்தியில் வைத்துச் சுட்டபோது அவள் பக்கத்தில்தான் நின்றாள். சுட்டவனின் முகத்தைத் துணி மறைத்திருந்தது. துணியோடு கட்டையில் படிந்த கன்னம்தான் எட்டு வருடமாக அவளுக்குள் இருந்தது.

திரும்பும் வழியில், ஒரு சோளவயலைத் தாண்டும்போது கேட்டாள்.

"எத்தின வருஷம் இருந்தனீங்கள்?"

எங்கே என்று அவன் கேட்கவில்லை.

"ரண்டு."

"எந்த வருஷம்?"

பஸ்ரியன் காரை ஓரங்கட்டினான். கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

"அண்ணையின்ர படத்தை நீர் காட்டின நாள் தொடக்கம் யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். எனக்குத் தெரியேல்ல, செலீன். சொல்லுற இடத்துக்குப் போவம். பேர் கேக்கிறேல்ல. முகத்தைப் பாக்கிறேல்ல."

"சந்தியில ஒரு பெட்டை நிண்டதெண்டாவது ஞாபகமில்லையா?"

அவன் கதவைத் திறந்து இறங்கிப் பின்பக்கமாக நடந்தான்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் லைசென்ஸ் எடுக்காதவள், மெல்ல நகர்ந்து அவனுடைய சீற்றில் ஏறி இருந்தாள். அது சூடாக இருந்தது. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைத் தன் உயரத்துக்குச் சரித்தாள். கண்ணாடிக்குள், ஆளுயரச் சோளத்தின் முன்னால், பஸ்ரியன் காரைப் பார்த்தபடி நின்றான். சோதனைச்சாவடியில் இறக்கிவிடப்பட்டவனைப்போல, இரு கைகளையும் உடம்பிலிருந்து சற்று விலக்கி வைத்துக்கொண்டு.