புயல் கணக்கில் ஒரு சாவு

மாமனாரின் சட்டையில் மூன்றாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் நாற்காலிகள் இறங்கும் சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு இல்லை, ஒரு அடுக்கே கடகடவென்று இறங்கியது. மருமகள் கையை நிறுத்தினாள். நாற்காலிக்கு யாரும் சொல்லவில்லை. வாடகைக்கு எடுக்கலாமா என்று காலையில் புருஷன் கேட்டதற்கு, வருவதற்கு யார் இருக்கிறார்கள், வீட்டில் கிடப்பதே போதும் என்று அவள்தான் சொல்லியிருந்தாள்.

எட்டிப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கொத்தனாரும் மூலைக்கடைக்காரரும் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். புயலுக்குப் பிறகு இவள் கையில் மீதிச் சில்லறையைக் கொடுக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறவர் மூலைக்கடைக்காரர். இன்று ஒவ்வொரு நாற்காலியாகத் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம் இவங்களுக்கு?" என்றாள் புருஷனிடம்.

"சாவு வீடு. வராம இருப்பாங்களா?"

"எட்டு மாசமா எட்டிப் பாக்காதவங்க."

அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எண்ணெய்க் கறை போகாத விரல்களால் அப்பாவின் காலுறையை இழுத்துச் சரி செய்வதிலேயே இருந்தான். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

குடிநீர்க் குழாய்களின் வால்வைத் திறந்து மூடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் மாமனார். தெருவில் அவருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். முன்பெல்லாம் அந்தப் பெயரில் கொஞ்சம் செல்லமும் ஒட்டியிருக்கும். புயலோடு அது போயிற்று. கான்கிரீட் கூரை போட்ட வீடு தெருவிலேயே இது ஒன்றுதான். அன்று மத்தியானம் தகரங்கள் பறக்க ஆரம்பித்ததும் எதிர்வீட்டுக் கொத்தனாரின் மனைவியான தையற்காரி மகளை அணைத்துக்கொண்டு வந்து இந்தக் கதவைத் தட்டினாள். கதவு திறக்கவில்லை. இரண்டு பேரும் ஓடிப்போய்ப் பாலத்துச் சுவரோரம் ஒண்டினார்கள். வாய்க்காலில் வந்த வெள்ளம் பாலத்தைப் பெயர்த்தது. உயிர் போகவில்லை, பிள்ளையின் கை ஒடிந்தது. உள்ளே கிழவர் கத்தியது கேட்டது என்று தெரு பேசிக்கொண்டது. அவர் கத்தினார் என்றால் கதவைத் திறக்க விடாதவரும் அவர்தானே, அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அன்றே அவர் இடுப்பு உடைந்து படுக்கையில் விழுந்ததற்கும் தெரு ஒரு காரணம் வைத்திருந்தது. கைமேல் பலன்.

அந்தத் தெருதான் இப்போது பிளாஸ்கில் தேநீர் கொண்டுவருகிறது. ஒருவர் வண்டிக்குச் சொல்லிவிட்டேன் என்கிறார். இன்னொருவர், நல்ல மனுஷன் என்கிறார். மருமகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தேநீரைத் தொடவில்லை.

பிறகு தையற்காரியே உள்ளே வந்தாள். கையில் ஊசிநூல். அனுமதி கேட்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சட்டையின் தோள்பட்டையைப் பிடித்துப் பார்த்தாள். துணி இரண்டு ஆளுக்கான அளவில் தொளதொளவென்று கிடந்தது.

"முதுகுப் பக்கமா நாலு தையல் போட்டா பார்வையா இருக்கும். திருப்பிப் பிடிம்மா."

மருமகள் பிடித்தாள். ஊசி ஏறி இறங்கியது. இவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று அந்த முகத்தில் தேடினாள். தைக்கிறவளின் முகத்தில் தையலைத் தவிர ஒன்றும் இல்லை.

"ரொம்ப மெலிஞ்சிட்டாரு."

"எட்டு மாசமா படுக்கைதானேக்கா."

"தெரியும்" என்றாள் தையற்காரி.

மருமகள் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். என்ன தெரியும்?

கூடத்தில் கவுன்சிலரின் குரல் கேட்டது. மலர்வளையத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் புருஷனின் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போயிருந்தார். மருமகள் அறையின் வாசற்படியருகே போய் நின்றாள். கவுன்சிலருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. மேடையிலேயே பழகிய தொண்டை.

விஷயம் இதுதான். புயல் சீரமைப்பு நிதியில் நம்ம பாலம் இரண்டாவது பட்டியலில் கிடக்கிறது. இரண்டாவது பட்டியல் என்றால் நம்ம பேரப்பிள்ளைகளும் வாய்க்காலில் போட்டிருக்கிற பலகைமேல்தான் நடக்கும். புயலில் உயிர் போன தெருக்கள் மட்டும் முதல் பட்டியல். இந்த வாரத்தோடு அதையும் மூடுகிறார்கள். பாலத்தை அளக்க இன்ஜினியர் இன்றைக்கு வருகிறார். அவர் காதில் ஒரு வார்த்தை போட்டால் போதும். தையற்காரியும் பிள்ளையும் தட்டினார்கள், பெரியவர் கதவைத் திறந்துவிட ஓடி வந்தார், காற்று கதவோடு சேர்த்து அவரைத் தள்ளியது, விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

நாற்காலிக்கு இதுதான் வாடகையா என்று மருமகள் நினைத்துக்கொண்டாள்.

"அவரு செத்தது இன்னிக்குக் காலையில" என்றாள், படியில் நின்றபடியே. "புயல் போய் எவ்வளவு நாளாச்சு."

கவுன்சிலர் திடுக்கிடவில்லை. "விழுந்தது அன்னிக்குத்தானேம்மா? விழுந்தவரு அப்புறம் நடந்தாரா?"

"காலையில ஆம்புலன்ஸ் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே நின்னுச்சு. அவங்க பலகைமேல தடவித் தடவி வந்து சேரறதுக்குள்ள மூச்சு நின்னு போச்சு. அதை எழுதச் சொல்லுங்களேன். அது நடந்தது."

"அது பாலம் இல்லாததால வந்த சாவும்மா. அதுக்கு நிதி கிடையாது. புயலால வந்த சாவுக்குத்தான் இருக்கு."

சொல்லிவிட்டு, தான் சொன்னதில் ஏதோ குறைகிறது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அவள் புருஷனைப் பார்த்தாள். "நீங்க சரின்னுட்டீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"அதான் கேக்கறேன். ஒண்ணுமே சொல்லாம நின்னீங்களா?"

"அப்பாவுக்கு நல்ல பேர் வருது. தெருவுக்குப் பாலம் வருது. இதுல உனக்கு என்ன?"

அவனுக்கு என்ன வருகிறது என்பதை அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் பயமெல்லாம் உள்ளே தைத்துக்கொண்டிருந்தவளைப் பற்றித்தான். கதவுக்கு வெளியே நின்றவள் அவள் ஒருத்திதான். இவர்களைப் பொய் சொல்ல விட்டு, ஊர் கூடியிருக்கிற இடத்தில் நிதானமாகக் கிழித்துப் போடத்தான் ஊசியோடு வந்திருக்கிறாளோ? நாலு தையலுக்கு இவ்வளவு நேரமா?

இன்ஜினியர் வந்தபோது எல்லோரும் எழுந்தார்கள். சின்ன வயதுப் பெண். கணுக்கால்வரை சேறு, கக்கத்தில் தலைக்கவசம், கையில் அளவு நாடா. சாவு வீடு என்று தெரியாமல் வந்துவிட்டவள்போல் தயங்கினாள். கட்டிலுக்கு முன்னால் தலைகுனிந்து நின்றாள். உட்காரச் சொன்னதற்கு, சேறு என்று காலைக் காட்டி மறுத்துவிட்டாள். கவுன்சிலர் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். இந்த முறை காற்று இன்னும் பலமாக இருந்தது. பெரியவர் இன்னும் வேகமாக ஓடி வந்தார்.

இன்ஜினியர் பாதியில் கையை உயர்த்தினாள். கேட்டவர்கள் வேண்டாம், பார்த்தவர்கள் யாராவது சொல்லட்டும் என்றாள்.

தையற்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"பாக்கல. கேட்டேன்" என்றாள். "கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்னேன். அந்தப் பக்கம் அவரு சத்தம். 'திறந்து விடு, பச்சப் புள்ள நிக்குது, திறந்து விடு'ன்னு. ரெண்டு தடவை கேட்டேன். அப்புறம் ஏதோ விழுந்த சத்தம். கதவு திறக்கல."

மூலைக்கடைக்காரர் மெல்லக் கேட்டார், "இதை நீ அப்பவே சொல்லலியேம்மா?"

"சத்தம் கேட்டுச்சான்னு கேட்டீங்க, கேட்டுச்சுன்னேன். என்ன சத்தம்னு யாருமே கேக்கலியேண்ணே. நானும் கையொடிஞ்ச புள்ளையை வெச்சுக்கிட்டு அழுதுகிட்டிருந்தேன். சொன்னா, இந்த வீட்டோட சண்டைக்கில்ல நிக்கணும்."

கவுன்சிலருக்கு இது தன் கதைதானா வேறு கதையா என்று பிடிபடவில்லை. இன்ஜினியருக்குப் பிடிபட்டதுபோல் இருந்தது.

"திறந்து விடுன்னு யார்கிட்ட சொன்னாரு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு மருமகளைப் பார்த்தாள்.

மருமகள் புருஷனைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. அன்று நின்றதுபோலத்தான் நின்றிருப்பான், முதுகு சுவரில் பதிந்து. அன்று அது கதவு. இரண்டு கைகளையும் பின்னால் கொடுத்துத் தாழ்ப்பாளை மறைத்துக்கொண்டு நின்றான். திறந்தால் கதவே பிய்ந்து போய்விடும்ப்பா என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கிழவர் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார். அவன் அடிக்கவில்லை. தள்ளினான். ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் வருகிறவர்களைத் தள்ளுவதுபோல, அவ்வளவுதான். படியின் விளிம்பு அங்கே இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, இவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே கிழவர் முந்திக்கொண்டார். வழுக்கிடுச்சு. தெரு தன்னைத் தூற்றுகிறது என்று தெரிந்த பிறகும், மூத்திரத் துணி மாற்றும்போது எரிந்து விழுவாரே தவிர, அந்த ஒரு சொல்லை அவர் மாற்றவே இல்லை.

"கதவைத் திறக்கத்தான் போனாரு மேடம்" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "இந்த வீட்ல திறக்கணும்னு நெனச்சது அவரு ஒருத்தர்தான்."

கொத்தனார் தன் மனைவியைப் பார்த்தார். தையற்காரி ஊசியை நூற்கண்டில் குத்தி வைத்தாள்.

"விழுந்தது காத்து தள்ளியா?" என்று இன்ஜினியர் கேட்டாள், முன்பைவிட மெதுவாக.

வாசலில் நிற்கிறவர்கள் எல்லோரும் அந்தக் கேள்விக்குப் பின்னால் நின்றார்கள். பாலம் நின்றது. பிள்ளையின் கோணலாகச் சேர்ந்த கையும் நின்றது. சுவரோரம் நிற்கிறவனின் மூச்சும் கேட்டது.

"காத்து பலமாத்தான் இருந்துச்சு" என்றாள் மருமகள்.

இன்ஜினியர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டாள். பிறகு சரி என்றாள். கவுன்சிலர் பெருமூச்சு விட்டு, வண்டி வந்தாயிற்றா என்று யாரையோ அதட்டினார்.

வண்டியும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் நின்றது. பலகையில் ஒரு ஆள் போகலாம். ஸ்ட்ரெச்சரோடு இரண்டு ஆள் போக முடியாது. கீழே இறங்கி நின்று கைமாற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று கொத்தனார் சொல்லி வாய் மூடவில்லை, மகன் இறங்கிவிட்டான். புதுச் செருப்பைக் கழற்றவில்லை. கால்சட்டையை மடித்துக்கொள்ளவில்லை. நட்டநடுவில், தண்ணீர் ஆழமாக இருக்கும் இடத்தில் போய் நின்றான். தெருவிலிருந்து வேறு சிலரும் இறங்கினார்கள். அவனுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டே நின்றார்கள்.

ஸ்ட்ரெச்சர் தலைகளுக்கு மேலே கைமாறிப் போயிற்று. தைத்த சட்டை கச்சிதமாக இருந்தது. மகனின் தலைக்கு மேலே வந்தபோது ஒரு கணம் நின்று, பிறகு நகர்ந்தது. அந்தக் கரையில் இருந்தவர்கள் வாங்கி வண்டியில் ஏற்றினார்கள். கதவு சாத்திய சத்தம் கேட்டது. மற்றவர்கள் கரையேறிக் காலை உதறிக்கொண்டார்கள்.

அவன் ஏறவில்லை. இரண்டு கைகளும் இன்னும் மேலேயே இருந்தன.

இன்ஜினியர் இந்தக் கரையில் அளவு நாடாவின் நுனியைத் தையற்காரியிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, பலகைமேல் நடந்து அந்தப் பக்கம் போனாள். நாடா அவன் கழுத்துக்கு நேராகக் குறுக்கே வந்தது.

"சார்" என்று கூப்பிட்டாள். "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"