முறைக்கூடை

“தும்மல் வந்தா இன்னாக்கா பண்றது?”

“தும்மாத.”

“இருமல்?”

“இருமாத. மூச்சுகூட கம்மியா வுடு.” எலிசபெத் கையிலிருந்த ஊசியை வெந்நீர்க் கிண்ணத்தில் போட்டாள். “குந்தாத. முக்காத. தண்ணிக்குடம் தொடாத. நாப்பது நாளு. கோட்டை வைத்தியரு விரல் வுட்டு எண்ணிக் காட்னாரு.”

“சிரிச்சா?”

“நீ சிரிச்சி நான் எங்கடி பாத்தேன்?”

அதைக் கேட்டதும்தான் ருக்குவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த உடனே தையல் போட்ட இடம் நெருப்பாய் இழுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு கூரை ஓலையைப் பார்த்தபடி கிடந்தாள். வலிதான், ஆனால் இரண்டு வருஷத்துக்குப் பிறகு உடம்பு உடம்புக்குள்ளேயே இருந்தது. அது போதாதா?

ஐந்தாவது பிள்ளை பிறந்த எட்டாம் நாளே அவள் காட்டூர்ச் சந்தைக்குக் கூடை தூக்கினாள். தூக்காமல் எப்படி? பிடித்த மீன் காத்திருக்குமா? பாதி வழியில் அடிவயிற்றில் ஏதோ நழுவியது. ஒதுங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தாள். கோழிமுட்டை அளவுக்கு ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. அடி தள்ளிவிட்டது, பிள்ளைப்பையே இறங்கிவிட்டது. எண்ணெய் தொட்டு உள்ளே அழுத்தினாள், துணியை இறுக்கிக் கட்டினாள், கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கே போனாள். அன்றிலிருந்து தினமும் அதே கதை. நிமிர்ந்தால் இறங்கும், நாலடி நடந்தால் சேலை நனையும். மீன் நாற்றத்தில் மற்ற நாற்றம் தெரியாது. மீன்காரியாய்ப் பிறந்ததில் அவளுக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான்.

யாரிடமும் சொல்லவில்லை, புருஷன் செங்கல்வராயனிடம்கூட. எலிசபெத்திடம் மட்டும் சொன்னாள். எலிசபெத் ஏசு சாமியைக் கும்பிடும் வேதக்காரி, கோட்டைக்குள் உலாந்தா வெள்ளைக்காரர் வீட்டுப் பிரசவமெல்லாம் பார்க்கிற மருத்துவச்சி. கோட்டை வைத்தியர் செய்து கொடுத்த தக்கை வளையம் ஒன்றை மெழுகில் தோய்த்துக் கொண்டுவந்து உள்ளே பொருத்தினாள். எட்டு மாசம் தாங்கியது. ஒருநாள் இடுப்பளவுத் தண்ணீரில் படகைத் தள்ளிக்கொண்டிருந்தபோது வளையம் நழுவி வெளியே வந்து ஏரியில் மிதந்தது. செங்கல்வராயன்தான் எடுத்தான்.

“எவன் வலைலேர்ந்து கழண்டுச்சி இது? நல்ல மிதப்பாக்கீது!”

இடுப்பில் செருகப் போனவனிடமிருந்து ருக்கு அதைப் பிடுங்கிக்கொண்டு அழுதாள். அப்படித்தான் அவனுக்குத் தெரிந்தது. நல்லவன். கத்தவில்லை. படகைக் கரையில் ஏற்றிக் கட்டினான். பிறகு அவனேதான் எலிசபெத் வீட்டு வாசலில் போய் நின்று, “வேற ஏதனா வழி இருக்குதா தாயீ?” என்று கேட்டான்.

இருந்த வழி இதுதான். நடுவில் வேட்டியைத் திரையாய்க் கட்டி, அந்தப் பக்கம் வைத்தியர் நின்று சொல்லச் சொல்ல, இந்தப் பக்கம் எலிசபெத் பட்டு நூலால் தைத்தாள். ருக்குவின் வாயில் துணி, வயிற்றில் சாராயம். இனி நாற்பது நாள் படுத்திருந்தால் ஒட்டிக்கொள்ளும் என்றார்கள்.

இங்கேதான் பாடு வந்து நின்றது.

ஏரியில் அவரவர் இஷ்டத்துக்கு வலை கட்ட முடியாது. எந்த நாள் எந்த வீடு எந்த இடத்தில் கட்டும் என்பதற்கு முறை உண்டு. அதுதான் பாடு. எல்லாவற்றிலும் முகத்துவாரப் பாடுதான் மீன் அள்ளும் பாடு. ஒரு வீட்டுக்கு வருஷத்தில் ஒரே தடவைதான், இரண்டு நாளைக்கு வரும். வந்தால் முதல் கூடையை அந்த வீட்டுக்காரி, அவள் மட்டும், தலையில் சுமந்து தாழம்புதருக்குப் பின்னாலிருக்கும் கன்னிமார் கல்லுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு முறைக்கூடை என்று பேர். கூடை வாய் நிறைந்திருக்க வேண்டும். வழியில் இன்னொருத்தி கை படக்கூடாது. தூக்க முடியாவிட்டால் பாடு அடுத்த வீட்டுக்குப் போகும். ஒருதரம் தவறினால் முறை தள்ளும். இரண்டாம்தரம் தவறினால் பேரே தள்ளும். பேர் போனவன் அப்புறம் ஊரான் வலையில் கூலிக்கு நிற்க வேண்டியதுதான்.

போன வருஷம் ருக்கு தீட்டு என்று பொய் சொல்லிப் படுத்துவிட்டாள். அது ஒன்று ஆயிற்று.

இந்த வருஷம் முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தது. திறக்க இரண்டு மாசமாவது ஆகும் என்று நம்பித்தான் தையலுக்கே ஒத்துக்கொண்டாள். ஆனால் எங்கேயோ மேற்கே கொட்டிய மழையில் ஏரி ஏறி, மணலைத் தானே உடைத்துக்கொண்டு கடலோடு கலந்தது. தைத்த பத்தொன்பதாம் நாள் அவர்கள் வீட்டு முறை.

“நான் பாத்துக்கறேன்மே. நீ சொம்மா நடந்தா போதும்” என்றான் செங்கல்வராயன்.

“இன்னா பாத்துக்குவே?”

“சொல்லமாட்டேன். உன் மூஞ்சி காட்டிக் குடுத்துடும். அதுக்குப் பொய்யே வராது.”

“போன வருஷம் வந்துச்சே.”

“அதான் ஊரே நம்பல” என்று சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. தும்மலை அடக்குவது மாதிரி அடக்கிக்கொண்டாள்.

அன்று காலை கரையில் ஊரே கூடியிருந்தது. அப்படி ஒரு மீன்! மடவையும் இறாலும் வலை கொள்ளாமல் துள்ளின. செங்கல்வராயன் படகுக்குள் குனிந்து தானே கூடையை நிரப்பினான். உதவிக்கு வந்தவனை, “தள்ளிப் போடா, என் வூட்டு முறை” என்று விரட்டினான். முக்கி முனகிக்கொண்டு கூடையைத் தூக்கி அவள் சும்மாட்டில் வைத்தான். ஊர்ப் பெரியதனக்காரர் ஆதிநாராயணன் எட்டிப் பார்த்தார்.

“வாய் நெறஞ்சிக்கீது. போம்மா.”

கூடை தலையில் உட்கார்ந்த அந்தக் கணமே ருக்குவுக்குத் தெரிந்துவிட்டது. பதினைந்து வருஷம் கூடை சுமந்த கழுத்தாயிற்றே! மேலே இரண்டு வரிசைதான் மீன். அடியில் மீனில்லை, வலை மிதப்புத் தக்கைகள். முக்கியது முனகியதெல்லாம் நடிப்பு. அடப்பாவி மனுஷா! எனக்குள்ளே தக்கையை வைத்துத் தூக்கி நிறுத்தினதைப் பார்த்தல்லவா இந்த யோசனை வந்திருக்கிறது உனக்கு! அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கால் காற்றில் நடப்பது மாதிரி இருந்தது.

ஏழெட்டு அடி வைத்திருப்பாள். சடக்கென்று நின்றாள்.

கன்னிமார் கல்லில் என்ன நடக்கும் என்று எந்த ஆணுக்கும் தெரியாது. கூடையை வைத்து விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வருவார்கள் என்றுதான் ஆண்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கூடையைக் கவிழ்ப்பார்கள். ஏழு கல்லின் முன்னால், கூடியிருக்கும் அத்தனை பெண்களின் கண் முன்னால், அடி வரைக்கும் கவிழ்த்துக் கொட்டுவார்கள். ஆளுக்கொரு மீன் எடுப்பார்கள். ஆணிடம் இதைச் சொன்னால் அந்த வீட்டு வலை அந்த முறையிலேயே அறும் என்பது கல்யாணமாகி வந்த முதல் நாளே கல்லைத் தொட்டு வாங்கிய சத்தியம்.

தக்கை கொட்டினால்? கன்னிமாரையே ஏமாற்றியவன் என்று பேரை அடித்துவிடுவார்கள். கரையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அங்கே முதல் ஆளாய்ப் போய் நிற்பவள் கஸ்தூரி. அடுத்த முறை அவள் வீட்டுக்கு. அவள் வாய் சும்மா இருக்குமா?

ருக்கு திரும்பிப் படகுக்கே வந்தாள். “சும்மாடு சரியா குந்தல” என்று உரக்கச் சொல்லிவிட்டுப் படகின் மறைவில் கூடையை இறக்கச் சொன்னாள். செங்கல்வராயன் ஓடிவந்தான். அவள் மேல் மீனை ஒதுக்கி, தக்கைகளை அள்ளி மணலில் போட்டாள்.

“இன்னாமே பண்றே? பைத்தியமா உனக்கு?”

“மீனப் போடு.”

“தையலு...”

“போடுய்யா.”

“நாந்தான் யோசன பண்ணிக்கீறேன்ல! யாருக்குத் தெரியப்போவுது? வெச்சிட்டு கும்பிட்டுட்டு வந்துடப் போறே!”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு பெருமையாய் இருந்தது அந்த முகம், கொஞ்சநேரம் முன்னால்! “கேக்காத. போடு” என்றாள்.

அவன் போடவில்லை. அவளே குனிந்து மடவையை வாரி வாரி நிரப்பினாள். கூடையைத் தூக்கிவிட மாட்டேன் என்று அவன் திரும்பி நின்றுகொண்டான். “ஊரு எட்டிப் பாக்குது” என்றாள். கண்ணில் நீர் வழிய, அவளைப் பார்க்காமலே தூக்கிவைத்தான்.

தாழம்புதர் வரைக்கும் தாங்கியது. மூச்சை விடாமல், தொடையை ஒட்டி ஒட்டி நடந்தாள். புதர் திரும்பும் இடத்தில் மணல் மேடு. இரண்டாவது அடியில் உள்ளே ஒரு நூல் அறுந்தது. அடுத்து இன்னொன்று. வலை கிழியும் சத்தத்தை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். இதற்குச் சத்தமில்லை. சூடாய்த் தொடையில் இறங்கியது. பழைய பாரம் தன் பழைய இடத்துக்கு வந்து தொங்கியது. அவள் நிற்கவில்லை.

கவிழ்த்தாள். மீன் கொட்டியது. கஸ்தூரி குவியலுக்குள் கையை விட்டு அடி வரைக்கும் துழாவினாள்.

“இன்னாடி, படகாண்ட போயி மாத்திக்கினு வந்தியே, நான் வேற நெனச்சேன்” என்றாள்.

“இன்னா நெனச்சே?”

“ஒண்ணுமில்ல. நல்ல மீனு.” பெரிய மடவையாய்ப் பார்த்து எடுத்துக்கொண்டாள்.

பேர் தப்பியது.

சாயங்காலம் எலிசபெத் வந்து துணியை விலக்கிப் பார்த்தாள்.

“நூலு மட்டும் போவலடி. சதையும் கிழிஞ்சிபோச்சி.”

“மறுபடி தெய்ச்சிடேன்கா.”

“எதுல தெய்க்கறது? வெறும் கந்தலு. சொல்லிக் குடுக்க ஆளும் இல்ல, வைத்தியரு போன வாரமே கப்பலேறிட்டாரு.”

“வளையம்?”

“புண்ணுல எங்க வெக்கறது?” எலிசபெத் அவள் தலையைத் தடவினாள். “காய்ச்சல் வராம இருக்கணும்னு உன் சாமியையும் கேளு, நான் என் சாமியக் கேக்கறேன். வேற இன்னா சொல்றது?”

அவள் போனதும் செங்கல்வராயன் வந்து வாசற்படியில் நின்றான். உள்ளே வரவில்லை.

“என்ன நம்பல இல்ல நீ?”

“நம்பினேன்.”

“அப்பொறம் ஏன் எடுத்துப் போட்டே?”

அவள் வாயைத் திறந்தாள். வெளியே கழியில் வலை காய்ந்துகொண்டிருந்தது. முறை இன்னும் முடியவில்லை, நாளைக் காலையும் அந்த வலையைத்தான் முகத்துவாரத்தில் கட்ட வேண்டும். ஐந்து பிள்ளைகள். வாயை மூடிக்கொண்டாள்.

“உனக்காகத்தானே பண்ணேன்” என்றான். பிறகு போய், மணலில் கிடந்த தக்கைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, வலையில் ஒவ்வொன்றாய்த் திருப்பிக் கட்டினான். அன்றிலிருந்து பாயைப் படகோரம் போட்டுக்கொண்டான். அவளுக்குக் காய்ச்சல் ஏறிய நாட்களில் எலிசபெத்தைக் கூப்பிட்டுக்கொண்டு வந்ததும் அவன்தான், கஞ்சி வைத்ததும் அவன்தான். ஆனால் “மே” என்று ஒருதரம்கூடக் கூப்பிடவில்லை.

காய்ச்சல் இறங்கியது. அடி இறங்கினது இறங்கினதுதான். அடுத்த வருஷமும் முறை வரும், அப்போதும் கூடை வாய் நிறைந்திருக்க வேண்டும். அவன் அதைப் பற்றி ஒன்றும் யோசிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அந்தப் படகு மறைவில், இரண்டே பேர் நின்றபோது, சத்தியமாவது வலையாவது என்று அவள் காதோடு காதாய் அவனிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டுமா? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?