நாற்பத்து மூன்றாம் நம்பர் சீட்டு

சட்டை தைக்கும் அந்த ஆலையில் எட்டாவது மேசை அவளுடையது. தைத்து முடிந்த சட்டையைக் காலர், கைப்பட்டி, பொத்தான் என்று ஒன்று விடாமல் பார்த்து, சரியாக இருந்தால் சட்டைப்பையில் தன் எண் அச்சடித்த சீட்டு ஒன்றை வைத்து அனுப்புவாள். எண் நாற்பத்து மூன்று. பதினெட்டு வருஷத்தில் அந்தச் சீட்டோடு போன சட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அந்த எண்மேல் அவளுக்கு அப்படி ஒரு பாசம். நாற்பத்து மூன்றாம் நம்பர் பஸ் போனால், ஏற வேண்டியது வேறு பஸ்ஸாக இருந்தாலும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். மகள் கணக்கில் நாற்பத்து மூன்று மார்க் வாங்கி வந்தபோது, திட்ட வாயெடுத்தவள் சிரித்துவிட்டாள். வீட்டுக்காரரின் கேலிக்குக் கேட்பானேன்? "என்னையும் பாத்துதானே எடுத்தே? ஒரு சீட்டு வை" என்று சட்டைப்பையை விரித்துக் காட்டுவார்.

"உங்களச் செக் பண்ணி அனுப்பினது யாருன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்" என்பாள் அவள்.

ஒரு திங்கட்கிழமை புது மேனேஜர் மேசை வரிசைப்படி எல்லோருடைய எண்ணையும் மாற்றினார். இவளுக்கு எட்டு. நாற்பத்து மூன்று, முந்தின வாரம் வேலைக்குச் சேர்ந்த புதியவளுக்கு.

"அது என் நம்பர் சார்."

"நம்பர்ல என்னம்மா இருக்கு?"

என்ன இருக்கிறதாம்! இவர் பிள்ளையின் பெயரைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வைத்தால் தெரியும்.

ஒரு மாதம் கழித்துச் சட்டை ஒன்று திரும்பி வந்தது. இடது கைப்பட்டியில் பொத்தானே இல்லை. பையில் நாற்பத்து மூன்றாம் நம்பர் சீட்டு. சட்டை திரும்பினால் சீட்டுக்குரியவர் மூன்று மாதம் பிசிறு நூல் வெட்டும் வேலைக்குப் போக வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் என்றால் நேராக வீட்டுக்குத்தான். ஆலையில் அதுதான் சட்டம்.

"நான் நல்லா பாத்துதான் சார் அனுப்பினேன்" என்றாள் புதியவள்.

உள்ளதைச் சொன்னால், எட்டாம் மேசைக்காரிக்கு முதலில் உள்ளூர ஒரு குஷி. என் நம்பரைப் பிடுங்கினால் இப்படித்தான் ஆகும். பிறகுதான் சீட்டைப் பார்த்தாள். எண் உள்பக்கம் போகும்படி இரண்டாக மடித்திருந்தது. மற்றவர்கள் சீட்டை அப்படியே செருகுவார்கள். மடித்து வைப்பவள் இவள் ஒருத்திதான். எண் மாறிய அன்று காலை, கோபத்தில் கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். பழக்கத்தில் பழைய சீட்டுக் கட்டிலிருந்தே எடுத்துப் பத்துப் பதினைந்து சட்டைகளுக்கு வைத்துவிட்டு, பிறகு நினைவு வந்து கட்டை ஏப்ரனுக்குள் ஒளித்திருந்தாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எந்தக் காகிதத்தைப் புரட்டினாலும் அது இப்போது புதியவளின் எண்தான்.

"சார், அது நான் பாத்த சட்டை."

"உங்க நம்பர் எட்டும்மா."

அவள் ஏப்ரனிலிருந்து பழைய கட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். "பதினெட்டு வருஷமா நல்ல சட்டைக்கெல்லாம் என் நம்பர், என் நம்பர்னு சொல்லிக்கிட்டேன். பொத்தான் இல்லாத சட்டை வந்ததும் அவ நம்பர்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

"அப்ப மூணு மாசம் நூல் வெட்டணும், தெரியுமில்ல?"

"தெரியும். கத்தரி இருக்கிற இடமும் தெரியும்."

போகும்போது கட்டைப் புதியவள் கையில் கொடுத்தாள். "இனிமே இது உன்னுது. கைப்பட்டியை மட்டும் ரெண்டு தடவை பாரு."

கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு சீட்டை உருவிக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒருவருக்கு இன்னும் வைக்கவில்லை.