ஓசையின்றி நீக்கு

1

இது கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் நண்பன் ஐவன் என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம். டெங்கில் என்ற ஊரில் ஒரு வீட்டில், சனிக்கிழமை மதியம், அவன் எழுந்து நின்று வாசிப்பதற்கு. இறந்துபோன கபிரியேல் அங்கிளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை, அவர் மனைவி லூசி ஆன்டிக்கு ஆறுதலாக நாலு வார்த்தை. எழுதிக் கொடுத்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அந்தப் பக்கத்தில் இல்லாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதல் வரியாக வேறு இரண்டு வைத்திருந்தேன்.

"உலகத்துக் குப்பையெல்லாம் தன் கைப்பேசி வழியாகத்தான் போகிறது என்று ஐவன் நம்பினான்." அடித்துவிட்டேன். படிப்பவர் சிரிப்பார். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

"கபிரியேல் அங்கிளின் அடக்கத்துக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் ஆட்களில் ஒருவர்கூட" – இதை முடிக்க முடியவில்லை. முடித்தால் முதல் வரியிலேயே ஐவனுக்குத் தீர்ப்பு எழுதியதாகிவிடும். அதற்கு முன்னால் அவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

2

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் சில, வீடுகள் போனபிறகு செராஸ், கிள்ளான், பெர்த், டொராண்டோ என்று சிதறிப்போயின. அவர்களை இன்னும் சேர்த்து வைத்திருப்பது ஒரு மின்னஞ்சல் குழு. அதன் முகவரிக்கு ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போய்ச் சேரும். கல்யாணம், ஞானஸ்நானம், சாவு, யார் மகள் எங்கே படிக்கிறாள், எல்லாம் அதில்தான். (வாட்ஸ்அப் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது அவர்களுடைய பிள்ளைகளின் உலகம். பெரியவர்களுக்கு மின்னஞ்சலில் வந்தால்தான் சாவுகூட உறுதி.)

ஐவன் அந்தக் குழுவைப் பார்த்துக்கொள்பவன்; வெளியாட்கள் எழுதும் மடல் முதலில் அவன் கைப்பேசிக்குத்தான் வரும். நானும் அவனும் கிள்ளானிலிருந்து ஒரே ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள். நான் அந்தக் குழுவில் இல்லை. நான் கத்தோலிக்கனும் இல்லை. ஆனால் அவன் கட்டைவிரல் வேலை செய்வதைப் பல வருடங்களாகப் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்திருக்கிறேன். மெலிய வைக்கும் மாத்திரை, விழாத லாட்டரி, யாரோ ஒரு விதவை விட்டுப்போன சொத்து. தள்ளு, தள்ளு, தள்ளு. அந்தக் குப்பை ஒன்றுகூடப் பெரியவர்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வதில் அவனுக்கு ஒரு கர்வம் உண்டு. அது நல்ல கர்வம்தான்.

ஒருநாள் லூசி ஆன்டியின் பெயரிலேயே குப்பை வந்தது. யாரோ அவர் கணக்கைத் திருடி, ஆண்மை மாத்திரை விளம்பரத்தைக் குழு முழுவதற்கும் அனுப்பிவிட்டார்கள். எழுபது வயதை நெருங்கும் பெண்மணி, ஞாயிறு பூசை தவறாதவர். ஐவன் உடனே அவர் முகவரிக்கு ஒரு கட்டளை போட்டான். அந்த மென்பொருளில் அதற்குப் பெயர் 'ஓசையின்றி நீக்கு'. மடல் வரும், காணாமல் போகும், அனுப்பியவருக்குத் தகவல் போகாது. திருடனுக்குத் தெரியக்கூடாதல்லவா. செய்தது சரி. ஆன்டியைக் கூப்பிட்டு, கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி, கட்டளையை எடுத்துவிடுவதாக இருந்தான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். லூசி ஆன்டி தினமும் காலையில் குழுவுக்கு ஒரு திருப்பாடல் அனுப்புவார். ரோஜாப்பூப் படம், கொட்டை எழுத்து, கீழே 'ஆசீர்வாதமான நாள்'. பலருக்கு அது தொல்லை. கட்டளை போட்ட பிறகு காலைகள் அமைதியாகிவிட்டன. பெர்த்திலிருந்து ரேமண்ட் என்பவர் ஐவனுக்குத் தனியாக எழுதினார்: "என்ன செஞ்சியோ தெரியல, தேங்க்ஸ்லா."

[என் முதல் பிரதியில் அடுத்த வரி 'பிறகு ஐவன் அதை மறந்துவிட்டான்' என்று இருந்தது. ஐவன் படித்துவிட்டு அந்த இடத்தில் விரலை வைத்தான். "மறக்கலடா. அப்படி எழுதாத. ஞாபகம் இருந்துச்சு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டேன்." திருத்திவிட்டேன். கதைக்கு மறதி வசதியாக இருந்திருக்கும்.]

நாளைக்கு என்பது இரண்டு வருடமாக நீண்டது.

3

இந்த வருடம், தவக்காலம் முடிந்த சில வாரங்களில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அச்சுக்கடை வாசலில் ஐவன் லூசி ஆன்டியைப் பார்த்தான். கறுப்புச் சேலை. கையில் அங்கிளின் படம், நினைவு அட்டையில் அச்சடிக்கக் கொண்டுவந்தது. அங்கிள் இறந்ததே ஐவனுக்கு அதுவரை தெரியாது.

அவர் கோபப்படவில்லை. அதைத்தான் ஐவன் திரும்பத் திரும்பச் சொன்னான். கடைக்காரரிடம் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டு உட்கார வைத்தான். அவர் நடந்ததை மெதுவாகச் சொன்னார். அங்கிள் விடியற்காலையில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லாத வீடு. அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாம் பார்த்துக்கொண்டார்கள். ஆன்டி செய்த ஒரே வேலை, குழுவுக்கு எழுதியது: கபிரியேல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், நாளை மாலை அடக்கம், நம் ஆட்கள் வந்து பாடுங்கள். அங்கிள் பல வருடம் கோயில் பாடகர் குழுவை நடத்தியவர். தமக்காக அவர்கள் பாடுவார்கள் என்று நம்பியிருந்தவர்.

யாரும் வரவில்லை. ஆன்டி பூசையைத் தொடங்கவிடாமல் பிடித்து வைத்திருந்தார். ரோட்டு ஜேம்ல மாட்டியிருப்பாங்க ஃபாதர், இன்னும் கொஞ்சம் பாக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கும் பீடத்துக்கும் நடந்திருக்கிறார். கடைசியில் பக்கத்து வீட்டுப் புனிதா, ஓர் இந்துப் பெண், தனக்குத் தெரிந்த ஒரே மாதா பாட்டைப் பாடினாராம்.

அதற்குப் பிறகும் குழுவின் மடல்கள் ஆன்டிக்கு வந்துகொண்டிருந்தன. யாரோ யாருக்கோ கேக் செய்யச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிளைப் பற்றி ஒரு வரி இல்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் ஐவனிடம் கேட்டது இதுதான்.

"தம்பி, மறைக்காம சொல்லு. அவரு யாரையாச்சும் ஏதும் பேசிட்டாரா? நாங்க ஏதும் தப்பு பண்ணிட்டோமா?"

4

இந்த இடத்தில் ஐவன் உண்மையைச் சொல்வதாக ஒரு பிரதி எழுதினேன். நல்ல பிரதி, அச்சுக்கடை இயந்திரச் சத்தத்தோடு. கிழித்துப் போட்டேன், ஏனென்றால் அவன் சொன்னது, "சர்வர் ப்ராப்ளம் ஆன்டி."

(அவனைத் திட்டுமுன் ஒரு நிமிடம். எதிரே அந்த முகம். வேறு எந்தச் சொல் வாயில் வரும்? எனக்கும் அதுதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.)

அன்றைக்கே கட்டளையை எடுத்தான். மறுநாள் லூசி ஆன்டியின் மடல் எல்லாருக்கும் போனது. அங்கிள் இறந்ததைச் சொல்லிவிட்டு, உங்கள் எல்லார் மேலும் மனசுக்குள் கோபப்பட்டேன், சர்வர் கோளாறு என்று ஐவன்தான் கண்டுபிடித்துச் சொன்னான், என்னை மன்னித்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார். பதில்கள் கொட்டின. அழுதார்கள். நல்ல வேளை ஐவன் கவனித்தான் என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுகளை ரயிலில் எனக்குக் காட்டினான். காட்டியவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். நாற்பதாம் நாளுக்கு எல்லாரும் டெங்கிலில் ஆன்டி வீட்டுக்குப் போய் அங்கிளுக்காகப் பாடுவது என்றும், ஐவன் பேசுவது என்றும் முடிவானது. அப்போதுதான் என்னிடம் அந்தப் பக்கத்தைக் கேட்டான். நடந்ததையும் அப்போதுதான் சொன்னான்.

நானும் எழுதிக் கொடுத்தேன், தெரிந்துகொண்டே. உண்மையைத் தொடாமல் எப்படி எழுதுவது என்பதில் எனக்குப் பழக்கம் உண்டு.

5

சனிக்கிழமை அவனோடு நானும் போனேன். வீடு கொள்ளாத கூட்டம். நான்கு குரலில் பாடினார்கள். உண்மையாகவே அழகாக இருந்தது. பிறகு ஐவன் என் பக்கத்தை வாசித்தான். செராஸிலிருந்து வந்திருந்த ஷார்மைன் என்ற அம்மாள் ஒரு வரியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வரிக்காக நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன். இந்தக் கதையில் வெட்கப்பட வேண்டியவன் ஐவன் மட்டும்தான் என்று அந்த நிமிடம்வரை எண்ணியிருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஐவன் சமையலறைக்குப் போனான். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். லூசி ஆன்டி குழாயடியில் நின்றிருந்தார்.

"ஆன்டி, சர்வர் இல்ல. நான்தான் பிளாக் பண்ணேன். ரெண்டு வருஷமா."

குழாயை மூடினார்.

"காலையில அனுப்புறதும் போகலையா?"

"ஒண்ணும் போகல ஆன்டி."

அவர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னதை ஐவனிடம் சொன்னாரா, தமக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை. பக்கவாதம் வந்தபிறகு அங்கிளால் பாட முடியாது. தினமும் ஒரு திருப்பாடலை அவர்தான் தேடி எடுப்பார். விரலை வைத்துக் காட்டுவார், ஆன்டி தட்டச்சு செய்வார். அதுதான் அவருடைய நாளில் ஒரே வேலை. அனுப்பியதும் யார் என்ன எழுதினார்கள் என்று கேட்பார். முன்பெல்லாம் இரண்டு மூன்று பேராவது ஆமென் போடுவார்கள். பிறகு அதுவும் நின்றுபோனது.

"எல்லாரும் நல்லா இருக்குன்னு எழுதுறாங்கன்னு சொல்லிட்டு இருந்தேன். பேர் பேரா சொல்லுவேன். ஐவன்கூட எழுதியிருக்கான்னு சொல்லியிருக்கேன். சந்தோஷமா தூங்கிடுவாரு."

6

முடிவு என்று ஒன்று வைத்தால் அது இப்படி இருக்கும்: ஐவன் செய்ததை ஆன்டி யாரிடமும் சொல்லவில்லை. குழுவில் இன்னும் இருக்கிறார், எழுதுவதில்லை. ஐவன் பொறுப்பை விடுவதாக அறிவித்தான், எடுத்துக்கொள்ள ஆளில்லை. இப்போதும் ரயிலில் அதைத்தான் செய்கிறான், ஒவ்வொரு மடலையும் திறந்து கடைசி வரிவரை படித்துவிட்டுத் தள்ளுகிறான். லாட்டரி மடலைக்கூட. அவன் இறங்க வேண்டிய நிலையம் சில நாள் தாண்டிப் போகிறது.

அவன் மன்னிக்கப்பட்டான் என்று ஒரு பத்தி, இல்லை என்று ஒரு பத்தி, இரண்டும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டும் என் கைவேலை என்பது பார்த்தவுடன் தெரிகிறது. சேர்க்கவில்லை.

ஏனென்றால் சமையலறையில் லூசி ஆன்டி மன்னிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முதலில் ஐவனையும் பிறகு, யாரென்றே தெரியாத என்னையும் பார்த்துக் கேட்டார்.

"நாளைக்குக் கல்லறைக்குப் போவேன். போனா அவரோட பேசாம வரமாட்டேன். அவர்கிட்ட இப்ப நான் என்ன சொல்லட்டும்?"

ஐவன் என்னைப் பார்த்தான். என் கையில் எச்சில் தட்டுகள். நாங்கள் இருவரும் சொன்னது ஒன்றும் எழுதும்படி இல்லை. அவர் இன்னும் கேட்டபடிதான் நிற்கிறார், நீங்கள் சொல்லுங்கள்.