ஏமஸின் இடம்

மூன்று நாளாக எர்லீன் பிக்கெட்டின் வீட்டில் தொலைக்காட்சி அணையவில்லை. பந்தைக் கையில் ஏந்தி மோதும் அமெரிக்கக் கால்பந்தின் பெரிய அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாள் சொந்தக்காரர்களும் தேவாலயத்துக்காரர்களும் வந்து வீடு கொள்ளவில்லை. பின்பக்கம் பெரிய சட்டியில் கெளுத்தி மீன் பொரிந்தபடியே இருந்தது. மூன்றாம் நாள் மாலை எர்லீனும் அவள் மகன் லவெலும் மட்டும்தான் மிச்சம். கடைசிப் பெயரையும் வாசித்து முடித்தார்கள். லவெலின் பெயர் வரவில்லை.

"பந்தை உதைக்க மட்டும் வர்ற பொடிப்பயலைக்கூடக் கூப்பிட்டுட்டானுங்க" என்றாள் எர்லீன். "பிக்கெட்டுங்கிற பேரு அவனுங்க வாயில நுழையலையாமா?"

"விடும்மா."

"விட்டுட்டேன். மீனு மிச்சமிருக்கு, வந்து தின்னு."

அவன் தின்றுகொண்டிருக்கும்போதுதான் ஃபோன் வந்தது. வடக்கே ஒரு அணி. சம்பளம், ஒப்பந்தம் எதற்கும் உறுதி இல்லை. பயிற்சி முகாமுக்கு வந்து ஓடிக் காட்டலாம், பிடித்தால் வைத்துக்கொள்வோம் என்றார்கள். எர்லீன் சமையலறையில் மண்டியிட்டு ஜெபம் பண்ணினாள். மிசிசிப்பியில் அவர்கள் ஊரான மில்பிரான்ச்சிலிருந்து அதுவரைக்கும் யாரும் போனதில்லை.

முகாமில் லவெலுக்கு ஹோட்டல் அறைத் துணையாக வந்தவன் ஏமஸ் டில்லார்ட். லூசியானாக்காரன். அவனையும் யாரும் டிராஃப்டில் எடுக்கவில்லை. அவனும் லைன்பேக்கர்தான், எதிரணிக்காரன் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால் நடுவில் நின்று சாய்க்கிற வேலை. எதைச் சாப்பிட்டாலும் பையிலிருந்து மிளகாய்ச் சாற்றுப் பாட்டிலை எடுத்து ஊற்றுவான், காலையில் ஓட்ஸ் கஞ்சிக்குக்கூட. பயிற்சியாளர்கள் இருவரையும் எண் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். டிராஃப்டில் வந்தவர்களுக்குப் பெயர் உண்டு.

ஆகஸ்ட் முடியப் போகையில் இருவருக்கும் ஒன்று தெளிவாகிவிட்டது. லைன்பேக்கரில் ஒரே ஓர் இடம்தான் காலி. அதை வைத்தே கிண்டலடித்துக்கொண்டார்கள்.

"உன்னை ஊருக்கு அனுப்புற அன்னிக்கு உன் பொட்டிய நானே தூக்கியாறேன்டா" என்பான் ஏமஸ்.

"தூக்கிக்கிட்டு அப்படியே பஸ்ல ஏறிக்கோ. எனக்கு இங்க வேலை இருக்கு."

சிரிப்பார்கள். ஆனால் ஏமஸ்தான் வேகமானவன். அது லவெலுக்குத் தெரியும்.

ஒரு நாள் மதியப் பயிற்சியில் ஏமஸ் தலையோடு தலை மோதி விழுந்தான். உடனே எழுந்து ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் போய் நின்றான். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அறைக்கு வந்ததும் திரைச்சீலையை இழுத்து மூடினான். குளியலறையில் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து லவெலைத் தன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு சுதாரித்துக்கொண்டான்.

"யாருகிட்டயும் மூச்சு விட்டுறாத. தூங்கி எந்திரிச்சா சரியாப் போயிரும்."

"விடமாட்டேன்" என்றான் லவெல்.

மறுநாள் காலை லவெல் கணுக்காலுக்குக் கட்டுப் போட, அடிபட்டவர்களைக் கவனிக்கும் ட்ரெய்னரின் அறைக்குப் போனான். ட்ரெய்னர் பெரியவர் கட்டுச் சுற்றிக்கொண்டிருக்கையில் தலையைக் குனிந்தபடி சொன்னான். "டில்லார்டுக்கு நேத்து வாந்தி. பேரு மாத்திக் கூப்பிடறான். ஒரு தடவை பாத்துருங்க." அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கட்டு முடிந்து இறங்கும்போது, "நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க" என்றும் சொன்னான்.

நண்பனின் உயிருக்குப் பயந்துதான் சொன்னேன் என்று அவன் தனக்குத்தானே பிற்பாடு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தான். அப்படியானால் எதற்கு ஒளிந்துகொண்டாய் என்ற கேள்வி பின்னாலேயே வந்தது. அடிபட்டவன் தன் இடத்துக்குப் போட்டியில்லாத வேறொருவனாக இருந்திருந்தால் சொல்லியிருப்பாயா என்று இன்னொன்று. அதற்குப் பதில் அவனுக்குத் தெரியும்.

ஏமஸைச் சோதித்துப் பார்த்து உட்கார வைத்தார்கள். முகாம் முடிவில் ஆட்களைக் கழித்தபோது அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது அவன் லவெலைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"எவனோ போட்டுக் குடுத்துட்டான்டா. பக்கத்து ரூம்ல இருக்கானே அந்த மொட்டத்தலையன், அவன்தான், எனக்குத் தெரியும். நீயாவது நில்லு. நம்ம ரெண்டு பேருக்குமா சேத்து நில்லு."

லவெல் நின்றான். ஆறு சீசன் ஆடினான். பெரிய ஆட்டக்காரன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பந்தை உதைத்ததும் முதல் ஆளாக ஓடிப்போய்ச் சாய்ப்பவன் என்று பெயர் எடுத்தான். ஏமஸ் ஊரில் சர்க்கரை ஆலையில் சேர்ந்து, கல்யாணம் செய்துகொண்டு, மாலை வேளைகளில் பள்ளிப் பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தான். திங்கள்கிழமை தவறாமல் ஃபோன் பண்ணுவான்.

"பாத்தேன்டா! அந்தத் தடியனை அப்படியே மடக்கிப் போட்டியே! ஆலையில எல்லாருகிட்டயும் காட்டினேன், என் ரூம்மேட்டுன்னு."

ஒரு திங்கள்கிழமை சொல்லிவிடுவது என்று லவெல் முடிவு செய்து ஃபோனை எடுத்தான். அதற்குள் ஏமஸ் முந்திக்கொண்டான். பெண் பிறந்திருக்கிறாள், ஞானத்தகப்பனாக நீதான் நிற்க வேண்டும் என்றான். லவெல் போய் நின்றான். குழந்தையை நீட்டியபோது அவன் உடனே வாங்கவில்லை. சின்னக் குழந்தையைத் தூக்கிப் பழக்கமில்லை என்று பெண்கள் சிரித்தார்கள்.

முழங்கால் போனதும் ஆட்டம் முடிந்தது. அறிவிப்பு எதுவும் இல்லை. அடுத்த வருடம் யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். சில வருடம் அங்கே இங்கே உதவிப் பயிற்சியாளராக இருந்துவிட்டு, மில்பிரான்ச் உயர்நிலைப் பள்ளிக்கே தலைமைப் பயிற்சியாளராக வந்தான். வந்ததும் முதல் வேலையாக ஏமஸைக் கூப்பிட்டான்.

"இந்த மாகாணத்துல உனக்கு ஆளே கிடைக்கலையா?" என்றாள் அவன் மனைவி ரோண்டா.

"அவனை மாதிரி வராது."

அது பொய் இல்லை. ஏமஸ் குடும்பத்தோடு வந்து சேர்ந்தான். லைன்பேக்கர் பையன்களை அவனிடம் விட்டார்கள். தலையைக் குனிந்து மோதுகிறவனைக் கண்டால் அவனுக்கு ஆகாது. "தலையைத் தூக்குடா! புல்லுல சில்லறையா தேடறே?" என்று அவன் போடும் கூச்சல் சாலை வரைக்கும் கேட்கும். பையன்கள் அவனுக்குப் பயந்தார்கள், அவனுக்காக உயிரையும் கொடுப்பார்கள். ஊர் லவெலையும் ஏமஸையும் கொண்டாடியது. லவெலுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்றுகூடச் சில நாள் தோன்றியது.

மூன்றாவது வருடம் நவம்பரில் மாநிலப் போட்டியின் அரையிறுதி. ஏமஸ் மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துச் சொல்ல, லவெல் கோட்டோரம் நின்றான். பார்வையாளர் வரிசையில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் எடுக்க வந்தவர் இருந்தார். அவர் வந்தது டேவியன் சைக்ஸைப் பார்க்க. அப்பா இல்லாத பையன். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அந்த வருடம் மாவட்டத்திலேயே அவனை மாதிரி லைன்பேக்கர் இல்லை.

இரண்டாம் பாதியில் டேவியன் ஒருவனைச் சாய்த்துவிட்டு மெதுவாக எழுந்தான். ஹெல்மெட் வாரை மாட்ட அவன் விரல்கள் தடுமாறின. லவெல் அவனைக் கோட்டோரம் இழுத்தான்.

"இன்னிக்கு யாரோட ஆடறோம்?"

பையன் யோசித்தான். போன வாரத்து அணியின் பெயரைச் சொன்னான். தப்பென்று அவனுக்கே தெரிந்துவிட்டது.

"கோச், கோச், ப்ளீஸ். அந்த ஆளு பாத்துட்டிருக்காரு. இன்னிக்கு ஒரு நாளு. எங்கம்மாவுக்காக, கோச்."

லவெலுக்குத் திரைச்சீலை மூடிய அந்த ஹோட்டல் அறை நினைவுக்கு வந்தது. ஒருத்தன் வாழ்க்கையை வாய் திறந்து பறித்தாகிவிட்டது, இன்னொரு தடவை அதைச் செய்யமாட்டேன் என்று நினைத்தான். இரக்கம் என்றுதான் அப்போது அவனுக்குப் பட்டது.

"ஒரே தடவை. அப்புறம் வெளிய வந்துரணும்."

டேவியன் உள்ளே ஓடினான். அடுத்த மோதலில் விழுந்தவன் எழவில்லை. கைகள் விறைத்து மேலே நின்றன.

ஆம்புலன்ஸ் புல்லுக்குள் வந்தது. ஏமஸ் மேலிருந்து படிகளில் இறங்கி ஓடிவந்தான்.

"இதுக்கு முன்னாடியே அடிபட்டுச்சா? நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு உள்ள அனுப்பினியா?"

லவெல் ஆம்புலன்ஸ் பக்கம் நடந்தான்.

மருத்துவமனையில் மூளையில் சிறிய ரத்தக் கசிவு என்றார்கள். அறுவை தேவைப்படவில்லை. பையன் கண் விழித்து ஸ்கோர் என்ன என்று கேட்டான். பிழைத்துவிட்டான், ஆனால் இனி வாழ்நாளில் ஹெல்மெட் மாட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் அம்மா வெளியே வந்து லவெலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடிய விடிய இங்கயே இருந்தீங்களே கோச். உங்களுக்குத் தேவன் நல்லது செய்யட்டும்."

"அம்மா, அவனுக்கு முதல்லயே அடிபட்டதை நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் உள்ள அனுப்பினேன்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஏமஸ் வண்டி நிறுத்துமிடத்தில் காத்திருந்தான். நன்றாக வெயில் ஏறியிருந்தது.

"ஏன்டா? நீ கண்ணு தெரியாதவனா? அசட்டையான ஆளா? எனக்குப் புரியல."

"உன்னை நினைச்சேன்."

"என்னையா?"

"அன்னிக்கு ட்ரெய்னர்கிட்டச் சொன்னது நான்தான்."

ஏமஸ் புரியாமல் பார்த்தான். புரிந்தபோது வண்டியில் சாய்ந்துகொண்டான்.

"அந்த மொட்டத்தலையனைப் போற எடமெல்லாம் திட்டியிருக்கேனே" என்றான். பிறகு நிமிர்ந்து, "என் தலைக்காகச் சொன்னியா, எடத்துக்காகவா?"

"ரெண்டுக்கும். எடத்துக்காகத்தான் அதிகம்."

"நீ சொன்னது தப்பில்ல. ஆடியிருந்தா நான் செத்திருப்பேன், அது இப்ப எனக்குத் தெரியும். அன்னிக்கே என் மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருந்தா ரெண்டு போடு போட்டிருப்பேன், அத்தோட போயிருக்கும். நீ என்னடான்னா உள்ளயே வெச்சு அழுகவிட்டு, கடைசியில கொண்டுபோய் அந்தப் புள்ள தலையில எறக்கிட்டே. எனக்குச் செஞ்சதுக்கு ஈடு கட்ட அவன் தலைதான் கிடைச்சுதா உனக்கு?"

ஏமஸ் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வரும்போது இருவரும் அதே வண்டியில்தான் வந்திருந்தார்கள்.

பள்ளி நிர்வாகக் கூட்டத்தில் யாரும் லவெலைக் குற்றம் சொல்லவில்லை. பையனே மறைத்திருப்பான், எல்லாப் பையன்களும் அப்படித்தான் என்று ஆளுக்கு ஆள் அவன் தப்பிக்க வழி செய்து கொடுத்தார்கள். லவெல் எழுந்து, நடந்ததை உள்ளபடி சொன்னான். பதவி போனது; ஒரு வருடம் மைதானப் பக்கமே வரக்கூடாது என்றார்கள். தலைமைப் பொறுப்பை ஏமஸ் ஏற்றுக்கொண்டான். வருடம் முடிந்து, ஆள் போதாமல், லவெலை லைன்பேக்கர்களுக்கு உதவியாளராக எடுத்துக்கொண்டதும் அவன்தான். வேலை விஷயம் பேசுவான். வீட்டுக்கு வரமாட்டான். அவன் பெண் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரோண்டாவிடம் சாப்பிட வருவாள்.

டேவியனுக்குத் தலைவலி விட்டபாடில்லை. ஜாக்சனில் ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும். அம்மாவுக்கு வேலை மாற்றி மாற்றி வரும். லவெல் கொண்டுபோய் விடுகிறேன் என்று இரண்டு முறை கேட்டு அனுப்பினான். அவள் பதில் சொல்லவில்லை. மூன்றாவது முறை, வாசலில் நின்றபடி, "ஆறு மணிக்குள்ள கொண்டாந்து விட்டுரணும்" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

போகும் வழியில் பையன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மடியில் பிஸ்கட் பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரேடியோ வேண்டாம் என்றான். பாதி தூரம் போனதும் கேட்டான்.

"கோச், அந்த ஆளு என்னை எடுத்திருப்பாரா?"

பொய் சொல்லலாமா என்று லவெல் யோசித்தான். எது பொய், எது ஆறுதல் என்று அவனுக்கு இப்போதெல்லாம் சட்டென்று பிடிபடுவதில்லை. உள்ளதையே சொன்னான்.

"எடுத்திருப்பாருடா. அடிபடுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டாராம். ஆட்டம் முடிஞ்சு உங்கம்மாவைப் பாக்கணும்னு இருந்தாராம், அப்புறந்தான் எங்கிட்டச் சொன்னாரு."

"அப்ப நான் வெளிய உக்காந்திருந்தாக்கூட..."

"ஆமா."

பையன் தலையாட்டினான். பிஸ்கட்டைப் பிட்டுப் பாதியை லவெலிடம் நீட்டினான். லவெல் வாங்கிக்கொண்டான். தின்ன முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை. அதைப் பிடித்த கையோடே ஜாக்சன் வரைக்கும் வண்டியை ஓட்டினான்.